மென்பொருள் எழுதும் கம்ப்யூட்டருக்கு எந்த ப்ராசசர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது மெஷின் வாங்கப் போகும் டெவலப்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும், தட்டினால் உடனே பதில் வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கானது இது. முதலில் அடிப்படைக் கேள்விகள், போகப் போக நுணுக்கமானவை. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம்.

1. கோடிங் பண்ண எவ்வளவு பெரிய ப்ராசசர் வேணும்? ஐ7, ரைசன் 7 இல்லாம முடியாதா?

தாராளமாக முடியும். டெவலப்பரின் காத்திருப்பு இரண்டு வகை. ஃபைலைச் சேமித்ததும் திரையில் மாற்றம் வருவது, எடிட்டரில் புள்ளி வைத்ததும் பரிந்துரைப் பட்டியல் விழுவது, ஒரே ஒரு டெஸ்ட்டை ஓட்டிப் பார்ப்பது போன்ற சின்னக் காத்திருப்புகள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். முழு ப்ராஜெக்ட்டையும் முதலிலிருந்து பில்ட் செய்வது, அதாவது எழுதிய கோட் முழுவதையும் ஓடும் நிரலாக மாற்றுவது, எப்போதாவதுதான். ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்பார்கள். முதல் வகையைத் தீர்மானிப்பது ஒற்றைக் கோரின் வேகம். கோர்களின் எண்ணிக்கை இரண்டாம் வகையில்தான் பெரிதாக வேலை செய்கிறது.

நடுத்தர ப்ராசசருக்கும் உச்சத்தில் இருப்பதற்கும் ஒற்றைக் கோர் வேகத்தில் இடைவெளி சிறியது. ஏஎம்டியின் ஜென் 4 என்ற ஒரே தலைமுறையில் ரைசன் 5 7600 அதிகபட்சம் 5.1 கிகாஹெர்ட்ஸ் தொடும். ரைசன் 9 7950எக்ஸ் 5.7 தொடும். வித்தியாசம் சுமார் 12 சதவீதம். கோர்களோ இதில் 6, அதில் 16. விலை ஏறுவது பெரும்பாலும் அந்தக் கூடுதல் கோர்களுக்காக. நாளெல்லாம் உங்களை நிறுத்திவைக்கும் சின்னக் காத்திருப்புகளுக்கு முதலில் பணம் போடுங்கள். முழு பில்ட்டுக்கு எவ்வளவு போடுவது என்பதை அளந்து பார்த்து முடிவு செய்யலாம்; அளக்கும் வழி கேள்வி 4-இல் இருக்கிறது.

2. 6 கோர், 12 த்ரெட்னு போட்டிருக்கான். அப்போ அது 12 கோர் மாதிரியா?

இல்லை. த்ரெட் என்பது கோர் கையில் எடுத்துக்கொள்ளும் ஒரு வேலை வரிசை. ஒரு கோர் இரண்டு வேலைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு, ஒன்று நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருக்கும் இடைவெளியில் மற்றொன்றை ஓட்டுகிறது. கம்பைல் (கோடை மெஷின் மொழிக்கு மாற்றும்) வேலைகளில் இதனால் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் கூடுதல் பலன் கிடைக்கும், இரண்டு மடங்கு கிடைக்காது. 6 கோர் 12 த்ரெட் என்பதை ஏழரை கோர் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

3. சரி, எத்தனை கோர் இருந்தா போதும்?

எந்த பில்ட்டிலும் ஒரு பகுதி வரிசையாகத்தான் நடக்கும்: எதைக் கம்பைல் செய்வது என்று கணக்கிடுவது, கோட் உருவாக்கிகளை ஓட்டுவது, கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் லிங்க். ஒற்றைக் கோரில் 100 விநாடி ஆகும் பில்ட்டில் 20 விநாடி வேலை இப்படிப்பட்டது என்று வைப்போம். மீதி 80 விநாடியைத்தான் கோர்கள் பங்கு போட முடியும். 4 கோரில் மொத்தம் 40 விநாடி, 6 கோரில் சுமார் 33, 8 கோரில் 30, 16 கோரில் 25. நான்கிலிருந்து ஆறுக்குப் போனால் 7 விநாடி மிச்சம். எட்டிலிருந்து பதினாறுக்குப் போனால் 5 விநாடிதான், அதற்கு எட்டுக் கோர் செலவு. எத்தனை கோர் போட்டாலும் 20-க்குக் கீழே போகாது.

நிரலாக்கம் கற்பவர், சின்ன வெப் ப்ராஜெக்ட் செய்பவர் ஆகியோருக்கு ஐ3-12100 போன்ற வேகமான 4 கோர் போதும். பெரும்பாலானவர்களுக்கு 6 கோர் 12 த்ரெட்தான் காசுக்கு ஏற்ற இடம். சி++, ரஸ்ட், ஆண்ட்ராய்டு என்று கனமாகக் கம்பைல் செய்பவர்களும், பக்கத்தில் நாலைந்து கன்டெய்னர்களை (தனித்தனிப் பெட்டிக்குள் ஓடும் நிரல்களை) எப்போதும் ஓட்டுபவர்களும் 8 கோருக்குப் போகலாம். அதற்கு மேல் வேண்டுமா என்று யோசிப்பவர்கள் அடுத்த கேள்வியைச் செய்துபார்த்துவிட்டு வரவும்.

சின்ன மினி பிசிக்களில் வரும் இன்டெல் என்100-ஐ 4 கோர் என்பதால் இதே பட்டியலில் சேர்க்க வேண்டாம். அதில் இருப்பவை நான்குமே வேகம் குறைந்த சிறிய கோர்கள், ரேமுக்குப் போகும் பாதையும் ஒன்றுதான் (ஒற்றைச் சேனல்). பாடம் படிக்கவும் சின்ன சர்வர் ஓட்டவும் சரிவரும். பெரிய எடிட்டரும் இருபது டேபும் திறந்தால் திணறும்.

4. என்னோட பழைய மெஷின்ல கோர் பத்தலையா, இல்ல கோர் வேகம் பத்தலையா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லினக்ஸிலும் மேக்கிலும் பில்ட் கட்டளைக்கு முன்னால் டைம் கட்டளையைச் சேர்த்து ஓட்டுங்கள். முடிவில் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று நேரங்கள் வரும். ரியல் என்பது கடிகார நேரம்; மற்ற இரண்டும் எல்லாக் கோர்களும் உழைத்த நேரம். யூசரையும் சிஸ்ஸையும் கூட்டி ரியலால் வகுங்கள். ரியல் 60 விநாடி, யூசர் 140, சிஸ் 10 என்று வந்தால் 150-ஐ 60-ஆல் வகுக்க 2.5. உங்கள் பில்ட் சராசரியாக இரண்டரை கோரைத்தான் பயன்படுத்துகிறது. 8 கோர் இருந்தாலும் மீதி சும்மாதான் உட்கார்ந்திருக்கும். இங்கே தேவை வேகமான கோர். இருக்கும் த்ரெட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் விடை வந்தால் மட்டுமே கூடுதல் கோர் பலன் தரும்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் சிபியு வரைபடத்தில் வலது க்ளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் ப்ராசசரையும் (த்ரெட்டுக்கு விண்டோஸ் வைத்த பெயர்) தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். 12 த்ரெட் மெஷினில் மொத்தப் பயன்பாடு 8 சதவீதம் என்று காட்டும். பார்த்தால் மெஷின் ஓய்வாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் ஒரு த்ரெட் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர், சாதாரண பைத்தான் நிரல், பல லிங்கர்கள் இந்த ரகம். எந்தக் கோரும் முட்டாமலேயே பில்ட் மெதுவாக இருந்தால் ப்ராசசரைக் குறை சொல்ல வேண்டாம்; டிஸ்க்கையோ ரேமையோ நெட்வொர்க்கையோ பாருங்கள்.

5. கிகாஹெர்ட்ஸ் ஜாஸ்தி இருக்கிறதைப் பார்த்து வாங்கினா சரியா?

ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் சரி. தலைமுறை தாண்டினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 2013-இல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-9590 கூட 5 கிகாஹெர்ட்ஸ் தொட்டது. இன்றைய 5 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேலை முடிக்கிறது.

மதிப்பெண்களைப் பார்ப்பதானால் கீக்பெஞ்ச் 6-இன் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணைப் பாருங்கள். அதன் விரிவான முடிவில் க்ளாங் கம்பைலரை ஓட்டும் தனிப்பகுதி இருக்கிறது; நமக்கு வேண்டியது அதுதான். சினிபெஞ்ச் படம் வரையும் சோதனை. அதன் பல கோர் மதிப்பெண் எல்லாக் கோரும் இடைவிடாமல் உழைக்கும் வேலையைக் காட்டுகிறது, பில்ட் அப்படி நடப்பதில்லை.

6. கடைசியா இன்டெல்லா, ஏஎம்டியா?

கம்பெனியைவிட எந்தத் தலைமுறை, எந்த சாக்கெட் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) என்பதுதான் முக்கியம். டெஸ்க்டாப்பில் சிக்கனத்துக்குப் பெயர்போன இரண்டு ப்ராசசர்கள் ஐ5-12400-உம் ரைசன் 5 5600-உம். இரண்டுமே 6 கோர் 12 த்ரெட், வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. கையில் நல்ல டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே இருந்தால் இவற்றில் ஒன்றை எடுப்பது புத்திசாலித்தனம். 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 மட்டும்தான். 12400 உட்காரும் எல்ஜிஏ1700-இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. வாங்கும் முன் போர்டின் பெயரில் எது என்று பார்க்கவும்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவருக்கு எங்கள் முதல் பரிந்துரை ரைசன் 5 7600. ஒற்றைக் கோர் வேகம் மேற்சொன்ன இரண்டையும்விடத் தெளிவாக அதிகம். திரைக்குப் போதுமான கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால் பின்னாளில் ப்ராசசரை மட்டும் மாற்றலாம். எல்ஜிஏ1700-க்கு அந்த வசதி இல்லை. 14-ஆம் தலைமுறையோடு அது முடிந்துவிட்டது. கோர் அல்ட்ரா 200 வரிசை எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட்டில் உட்காருகிறது.

7. பேருக்குப் பின்னால எஃப், கே, ஜின்னு எழுத்து வருதே, அது என்ன?

இன்டெல்லில் எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் எஃப் வாங்கினால் மெஷின் ஓடும், திரையில் எதுவும் வராது. டெவலப்பர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கார்டு வாங்கும் எண்ணம் இல்லையென்றால் எஃப் இல்லாததையே எடுங்கள். கே என்றால் வேகத்தைக் கையால் ஏற்றலாம், நமக்கு அவசியமில்லை. டி என்றால் மின்சாரம் குறைத்து ஓடும் ரகம், நீண்ட பில்ட்டில் வேகம் இறங்கும்.

ஏஎம்டியில் ஏஎம்4 காலத்து 5600, 5600எக்ஸ் போன்றவற்றில் கிராஃபிக்ஸ் கிடையாது. பெயரில் ஜி இருந்தால்தான் உண்டு. ஏஎம்5-இல் எஃப் என்று முடியாத 7000, 9000 வரிசை டெஸ்க்டாப் ரைசன்களில் சிறிய கிராஃபிக்ஸ் இருக்கிறது. இரண்டு மானிட்டர், எடிட்டர், ப்ரவுசர், வீடியோ கால் எல்லாவற்றுக்கும் அது போதும்.

8. கேஷ் மெமரி 16 எம்பி, 32 எம்பின்னு வித்தியாசம் இருக்கே, அது உறைக்குமா?

உறைக்கும். கேஷ் என்பது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். கம்பைலரும், எடிட்டருக்குப் பரிந்துரை தரும் லாங்குவேஜ் சர்வரும் நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தரவுகளைத் தேடி ஓடுபவை. கேஷில் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய்வர வேண்டும். ரைசன் 5 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. பெயரளவில் பக்கத்திலேயே நிற்கும் 5500-க்கும் 5600ஜி-க்கும் 16 எம்பிதான், கார்டையும் எஸ்எஸ்டியையும் இணைக்கும் பிசிஐஇ-யும் 3.0 தான். கோர் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதைப் பார்த்து 5500-ஐ எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. விலை வித்தியாசம் சிறியதானால் 5600-ஐ எடுங்கள்.

அதற்காகக் கூடுதல் கேஷோடு வரும் ஏஎம்டியின் எக்ஸ்3டி ரகத்துக்குத் தாவ வேண்டாம். அந்தப் பெரிய கேஷ் விளையாட்டுகளில் பிரமாதமாகப் பலன் தரும். கம்பைலில் கிடைப்பது கொஞ்சம்தான்.

9. ப்ராசசருக்குக் காசு போடவா, ரேமுக்குப் போடவா?

8 கோர் 16 ஜிபியா, 6 கோர் 32 ஜிபியா என்ற நிலை வந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். கணக்கு இதுதான்: இயங்குதளம் 3 ஜிபி, ப்ரவுசர் 3 முதல் 4, ஐடிஇ என்ற பெரிய எடிட்டரும் அதன் லாங்குவேஜ் சர்வரும் 4, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் 4. பில்ட் தொடங்கும் முன்பே 14 போய்விட்டது. ரேம் நிரம்பினால் இயங்குதளம் எஸ்எஸ்டிக்குப் பக்கங்களைத் தள்ள ஆரம்பிக்கும். அதன் பிறகு எவ்வளவு வேகமான ப்ராசசரும் டிஸ்க்கின் வேகத்தில்தான் பதில் சொல்லும்.

கோர் கூடினால் ரேமும் கூட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டெம்ப்ளேட் நிறைந்த சி++ ஃபைல் ஒன்றைக் கம்பைல் செய்ய 1 முதல் 2 ஜிபி வரை பிடிக்கும். 16 த்ரெட்டிலும் ஒரே நேரத்தில் ஓடினால், ஒன்றுக்கு ஒன்றரை என்று வைத்தாலும் 24 ஜிபி.

ரேமை இரண்டு ஸ்டிக்காக வாங்குங்கள், 32 வேண்டுமென்றால் இரண்டு 16. ஒற்றை ஸ்டிக் போட்டால் அலைவரிசை பாதியாகும். உள் கிராஃபிக்ஸும் அதே ரேமைப் பங்கு போடுவதால் அடி இரட்டிப்பு. டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு 32 பிட் துணைச் சேனல்கள் இருப்பதால் சில மென்பொருள்கள் ஒரே ஸ்டிக்கையும் இரட்டைச் சேனல் என்று காட்டும், நம்ப வேண்டாம். ஏஎம்5-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ரேம் வேகம் கணிசமாக இறங்கும். எனவே 64 ஜிபியும் இரண்டு 32 ஆகவே இருக்கட்டும்.

10. லேப்டாப் வாங்கறேன். ஐ5ன்னா ஐ5 தானே?

இல்லவே இல்லை. ஐ5-1235யு-வில் 2 பெரிய கோர், 8 சிறிய கோர். ஐ5-12500எச்-இல் 4 பெரிய கோர், 8 சிறிய கோர், அடிப்படை மின்சார வரம்பும் மூன்று மடங்கு. பெட்டியில் இரண்டும் 12-ஆம் தலைமுறை ஐ5 தான். பின்னாளில் வந்த கோர் 5 120யு-வும் 2 பெரியது 8 சிறியது என்ற அதே அமைப்புதான், பெயர்தான் புதிது.

ஏஎம்டி 2023-இல் கொண்டுவந்த நான்கு இலக்கப் பெயர்களில் மூன்றாம் இலக்கத்தைப் பாருங்கள். 7520யு என்பது ஜென் 2, 7530யு ஜென் 3, 7540யு ஜென் 4. மூன்றுமே ரைசன் 5, மூன்றிலும் முதல் இலக்கம் 7. ஆனால் 7520யு-வில் 4 கோர்தான், அதுவும் 2019-இல் வந்த வடிவமைப்பு. மலிவாகக் கிடைக்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் இதுதான் ஒளிந்திருக்கும்.

ப்ராசசரின் பெயர் சரியாக இருந்தாலும் மெலிந்த உடலில் வெப்பம் வெளியேறாது. முதல் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை முழு வேகத்தில் ஓடிவிட்டுப் பிறகு இறங்கும். ஒரே பில்ட்டை இடைவெளி இல்லாமல் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது முறை எடுக்கும் நேரமே அந்த லேப்டாப்பின் உண்மையான வேகம். ரேம் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டதா என்பதையும் கேளுங்கள். அப்படியானால் வாங்கும்போதே 32 ஜிபி.

11. பி-கோர், இ-கோர்னு கலந்து வருதே, கோடிங்குக்கு அது தொல்லையா?

பி-கோர் என்பது பெரியது, இ-கோர் சிறியது. ஃபைல்களைத் தனித்தனியாகக் கம்பைல் செய்யும் வேலைக்குச் சிறிய கோர்கள் நல்ல துணை. ஐ5-13400-இல் 6 பெரியது 4 சிறியது; 13500-இல் 6 பெரியது 8 சிறியது. முழு பில்ட் நேரம் நன்றாகக் குறையும். எடிட்டரின் சுறுசுறுப்பு பெரிய கோரில்தான் இருக்கிறது, சிறியவற்றின் எண்ணிக்கை கூடுவதால் அது மாறாது.

விண்டோஸில் ஒரு சிக்கல் வரும். விர்ச்சுவல் மெஷின் (மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு மெஷின்) சாளரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு வேறு சாளரத்தில் வேலை செய்யும்போது, இயங்குதளம் அதை முக்கியமில்லாத வேலை என்று எண்ணிச் சிறிய கோர்களுக்குத் தள்ளிவிடலாம். பின்னணியில் ஓடும் பில்ட் திடீரென்று இழுத்தால் பவர் திட்டத்தை உயர் செயல்திறனுக்கு மாற்றிப் பாருங்கள். நாள் முழுக்க விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே வேலை செய்பவர்களுக்கு எல்லாக் கோரும் ஒரே மாதிரி இருக்கும் 12400, 7600 போன்றவை தலைவலி குறைவு.

12. டாக்கர், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஓட ப்ராசசர்ல ஏதாவது தனியா வேணுமா?

மேலே பெயர் சொன்ன எல்லா ப்ராசசரிலும் இவற்றுக்கு வேண்டிய மெய்நிகராக்க (விர்ச்சுவலைசேஷன்) ஆதரவு இருக்கிறது. பிரச்சினை பெரும்பாலும் மெஷின் எழும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருளான பயாஸில். பல ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஎம் என்ற அமைப்பு அணைந்த நிலையில்தான் வருகிறது, இன்டெல்லில் விடி-எக்ஸ். டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் இயங்குகிறதா என்று தெரியும். அணைந்திருந்தால் பயாஸில் போய் இயக்குங்கள்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 பயன்படுத்துபவர்கள் ப்ராஜெக்ட்டை லினக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸுக்குள்ளிருந்து பில்ட் செய்தால் ஒவ்வொரு ஃபைலும் இரண்டு இயங்குதளங்களுக்கு நடுவே கடக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள நோட்.ஜேஎஸ் ப்ராஜெக்ட் அதில் ஊர்ந்து போகும். அதைப் பார்த்து ப்ராசசர் பத்தவில்லை என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம்.

13. பழைய சர்வர் ஸியான் 14 கோர் 28 த்ரெட் ரொம்ப மலிவா கிடைக்குது. எடுக்கலாமா?

கையில் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் வேண்டாம். ஸியான் இ5-2680 வி4 என்பது 2016-இல் வந்தது. 14 கோர், அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ், 120 வாட். முழு பில்ட்டில் ஈடுகொடுக்கும். கேள்வி 1-இல் சொன்ன சின்னக் காத்திருப்புகள் எல்லாவற்றிலும் இன்றைய 4 கோர் ஐ3-யிடம் தோற்கும். வீட்டு மூலையில் இரவெல்லாம் டெஸ்ட் ஓட்டும் சர்வராக வைக்கலாம்.

பழையதில் நல்லது வேண்டுமானால் அலுவலகங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகளைப் பாருங்கள். ஐ5-8500 என்றால் 6 கோர் 6 த்ரெட், ஐ5-10500 என்றால் 6 கோர் 12 த்ரெட். விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 வரிசை ஆகியவற்றிலிருந்துதான் அதிகாரப்பூர்வ ஆதரவு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் இந்தக் கோட்டுக்குக் கீழே வாங்குபவர்கள் லினக்ஸ் போடும் எண்ணத்தோடு வாங்குவது நல்லது.

14. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில ஏதோ கோளாறுன்னு சொன்னாங்களே?

உண்மைதான். அதிக மின்சாரம் இழுக்கும் டெஸ்க்டாப் மாடல்களில், குறிப்பாக ஐ7, ஐ9 வகைகளில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் உள்சுற்று நாளடைவில் தேய்ந்துபோனது. 2024-இல் இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் கட்டுப்பாட்டு நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்பட்டவற்றின் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. டெவலப்பருக்கு இதன் அறிகுறி கம்பைலரில் தெரியும்: ஒரே கோட், ஒருமுறை கம்பைல் ஆகும், அடுத்த முறை கம்பைலரே உள்பிழை சொல்லி விழும், அதற்கடுத்து வேறு ஃபைலில் விழும்.

வாங்கிய உடனே பயாஸை 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பதிப்புக்கு உயர்த்துங்கள். இந்தத் திருத்தம் இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. அதனால்தான் இந்த வகைகளைப் பழையதாக வாங்காதீர்கள் என்கிறோம். 12-ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

15. என்கிட்ட ரைசன் 5 2600 இருக்கு. ப்ராசசர் மட்டும் மாத்தினா போதுமா?

போதும், செலவுக்கு மிகச் சிறந்த பலன் தரும் வழியும் அதுதான். அதே ஏஎம்4 போர்டில் 5600 உட்காரும். வரிசை முக்கியம். முதலில் போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் 5600-க்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்த்து, பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை உயர்த்துங்கள். புதியதை மாட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் மெஷின் எழவே எழாது.

அடுத்து விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர். டிரைவ் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியை வெளியே எழுதி வையுங்கள் அல்லது பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். இந்தப் போர்டுகளில் சாவியைக் காக்கும் டிபிஎம் பெரும்பாலும் ப்ராசசருக்குள்ளேயே இருப்பதால், ப்ராசசரை மாற்றியதும் சாவி கேட்கும். சாவி கையில் இல்லையென்றால் டிரைவின் உள்ளே இருப்பது எதுவும் திரும்பி வராது.

கழற்றும் முன் பத்து நிமிடம் ஒரு கனமான பில்ட்டை ஓட்டுங்கள். தெர்மல் பேஸ்ட் இளகும். மெஷினை அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகியபின் தூக்குங்கள். நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசசரும் கூடவே பிய்ந்து வரும். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருப்பதால் வளைந்தால் கஷ்டம். பயாஸ் உயர்த்தும்போது அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யையும் கேள்வி 12-இன் எஸ்விஎம்-ஐயும் மறுபடி இயக்க மறக்க வேண்டாம்.

16. கூலர் தனியா வாங்கணுமா? சத்தம் வருமே?

7600, 5600, 12400 ஆகியவை பெட்டியாக வாங்கினால் கூலரோடு வரும், வேலைக்கு அது போதும். 65 வாட் என்று எழுதியிருந்தாலும் ஏஎம்டியின் அந்த வகை 88 வாட் வரை இழுக்கும். 12400 உச்சத்தில் 117 வாட். நீண்ட பில்ட்டில் விசிறி கேட்கும். அமைதி முக்கியமென்றால் சாதாரண டவர் கூலர் ஒன்று போடுங்கள், தண்ணீர்க் கூலர் தேவையில்லை. 105 வாட் வகை ரைசன் வைத்திருப்பவர்கள் பயாஸில் ஈகோ மோடில் 65 வாட் போட்டால் உச்ச இழுப்பு 142 வாட்டிலிருந்து 88-க்கு இறங்கும். எடிட்டரில் வித்தியாசமே தெரியாது, முழு பில்ட் மட்டும் சற்று நீளும்.

17. ஏஐக்கு என்பியு இருக்கிற ப்ராசசரா பார்த்து வாங்கவா?

என்பியு என்பது ஏஐ கணக்குகளுக்கென்றே உள்ள தனிப்பகுதி. கம்பைலர், லிங்கர், டெஸ்ட் எதுவும் அதைத் தொடுவதில்லை. மொழி மாதிரிகளைச் சொந்த மெஷினில் ஓட்ட நினைத்தால் வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகமும் அதன் அலைவரிசையும். இருந்தால் இருக்கட்டும், அதற்கென்று கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

18. ஐஓஎஸ் ஆப்பும் பண்ணணும். அப்போ?

ஐஓஎஸ் ஆப் உருவாக்கும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மேக்ஓஎஸ்ஸில் மட்டுமே ஓடும் என்பதால் மேக் தவிர்க்க முடியாது. அடிப்படை எம்4 மேக் மினியில் 4 பெரிய கோர், 6 சிறிய கோர், 16 ஜிபி நினைவகம். கோர் வேகம் அபாரம். நினைவகத்தை மட்டும் பின்னால் கூட்ட முடியாது, ஆகவே கேள்வி 9-இன் கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

19. பில்ட் ஓடும்போது எடிட்டர், மவுஸ் எல்லாமே உறைஞ்சு போகுது. இதுக்கு இன்னும் கோர் வாங்கணுமா?

இருக்கும் எல்லா த்ரெட்டையும் பில்ட்டுக்கே கொடுத்துவிட்டால் எத்தனை கோர் வாங்கினாலும் இதே கதைதான். 12 த்ரெட் மெஷினில் ஒரே நேர வேலைகளின் எண்ணிக்கையை 10 ஆக வையுங்கள். பில்ட் சில சதவீதம் நீளும், எடிட்டர் உயிரோடு இருக்கும். நிஞ்சா போன்ற கருவிகள் நீங்கள் சொல்லாவிட்டால் த்ரெட் எண்ணிக்கையைவிடக் கூடவே வேலைகளைத் தொடங்கும். லினக்ஸில் பில்ட்டை நைஸ் கட்டளையோடு குறைந்த முன்னுரிமையில் ஓட்டுவது இன்னும் நல்லது. மவுஸே நின்றுபோனால் அது பெரும்பாலும் ரேம் தீர்ந்ததன் அடையாளம், கேள்வி 9-க்குப் போங்கள்.

20. 8 கோர்ல இருந்து 16 கோருக்கு மாறினேன். அஞ்சு நிமிஷ பில்ட் நாலரை நிமிஷம்தான் ஆச்சு. ப்ராசசர் பழுதா?

பழுதில்லை. கோர்களுக்கு வேலை போய்ச் சேரவில்லை. மேக் (make) என்ற பில்ட் கருவி, ஒரே நேர வேலைகளின் எண்ணிக்கையைக் கொடுக்காவிட்டால், ஒரு நேரத்தில் ஒரே வேலையைத்தான் ஓட்டும். எம்எஸ்பில்ட்டும் அப்படியே, விஷுவல் சி++ கம்பைலரின் எம்பி (/MP) விருப்பத்தையும் நீங்கள்தான் இயக்க வேண்டும். கிரேடிலில் ப்ராஜெக்ட்டுகளை இணையாக ஓட்டும் அமைப்பு இயல்பாக அணைந்திருக்கும். இவற்றை முதலில் சரிபாருங்கள்.

அவை சரியாக இருந்தால் கேள்வி 4-இன் தனித்தனி த்ரெட் வரைபடத்தைத் திறந்துவைத்து பில்ட்டை ஓட்டுங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு த்ரெட் முட்டிக்கொண்டு மற்றவை தரையில் கிடந்தால் அது லிங்க் கட்டம். லினக்ஸில் எல்எல்டி அல்லது மோல்டு லிங்கருக்கு மாறினால் பல கோர்களும் அதில் கைகொடுக்கும். தொடக்கத்திலிருந்தே எல்லா த்ரெட்டும் அரைகுறையாக ஏறி இறங்கினால், விண்டோஸில் முதல் சந்தேகம் ஆன்டிவைரஸ்; எழுதப்படும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலையும் அது திறந்து பார்க்கும். விண்டோஸ் 11-இல் டெவலப்பர்களுக்கென்றே உள்ள டெவ் டிரைவ் ஒன்றை உருவாக்கி ப்ராஜெக்ட்டை அங்கே மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மாறாத ஃபைல்களையே திரும்பத் திரும்பக் கம்பைல் செய்வது தெரிந்தால் சிகேஷ் போன்ற கம்பைலர் கேஷ் போடுங்கள். அதன் இரண்டாவது ஓட்டத்தின் நேரத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள்.